20 மில்லிகிராம் போதுமா?

ஜூன் 14, 2025, பாபநாசம்

பெரியம்மாவின் பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. புற்றுதான். இடது கன்னத்தின் உட்புறம், சின்னக் கட்டி. கழுத்தில் நெறி கட்டவில்லை என்பது ஆறுதல். வருஷக்கணக்காகப் பாக்கையும் புகையிலையையும் அடக்கி வைத்த அதே கன்னம். நடவுக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க ஆரம்பித்த பழக்கம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பெண்களுக்கு அப்படித்தான் தொற்றிக்கொண்டது.

வெற்றிலையைத் திட்ட எனக்கு மனமில்லை. சுற்றிலும் கொடிக்கால்கள், கும்பகோணம் வெற்றிலைக்கு இந்த ஏப்ரலில்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. கெடுப்பது உள்ளே வைத்து மடிக்கும் பாக்கும் புகையிலையும். "புகையிலை சேர்க்காம வெறும் சீவல் போட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்று உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தி இருபது வருஷமாகிறது.

ஜூன் 16

கல்லணை திறந்தாகிவிட்டது. வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்பதே வீட்டில் பேச்சு. நடுவில் பெரியம்மா கேட்டார்: "நீ இத்தனை வருஷமா எதிர்ப்பு சக்தியப் பத்தித்தானே படிக்கிறே? எனக்கு மட்டும் அது ஏன் வேலை செய்யல?"

என் துறையே இந்தக் கேள்விதான். வேலை செய்யாமல் இல்லை, பெரியம்மா. ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் புற்றை அடையாளம் கண்டு கட்டி வரைக்கும் வந்துவிடுகின்றன. ஆறு நிறையத் தண்ணீர் வந்தும் மதகு அடைத்திருந்தால் வயலுக்குப் பாயாது இல்லையா? அந்தச் செல்களின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைத் தொட்டால் செல் அடங்கிவிடும். நம் உடம்பை நாமே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு அது. புற்று அதைத் தெரிந்துகொண்டதுபோல், பிடி-1-ஐத் தொடுகிற புரதத்தைத் தன் மேல் பூசிக்கொள்கிறது.

பிடி-1-ஐ 1992-இல் கண்டெடுத்தது ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம். இதேபோன்ற இன்னொரு தடையான சிடிஎல்ஏ-4-ஐ மறித்தால் எலிகளில் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் காட்டினார். 2018-இல் இருவருக்கும் நோபல். "அப்ப அதத் தொறந்துவிட மருந்து இருக்கா?" என்றார் பெரியம்மா. இருக்கிறது. எல்லாருக்கும் கேட்பதில்லை. வாய்ப்புற்றும் அடங்கிய தலை-கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு, பிடி-1-ஐ மறிக்கும் நிவோலுமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்த பெரிய ஆய்வில் கட்டி கணிசமாகச் சுருங்கியது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குத்தான். தைராய்டு, நுரையீரல், குடல் என்று சொந்த உறுப்புகளையே டி செல்கள் தாக்குவதும் உண்டு.

ஜூன் 18

ராத்திரி உட்கார்ந்து இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

ஒன்று: மேட்டூர் திறந்த அதே ஜூன் 12 அன்று, அதே வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாபைத் தலை-கழுத்துப் புற்றுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 714 பேரிடம் நடந்த ஆய்வு. நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்த இடைக்காலம் 30 மாதத்திலிருந்து 52 மாதம் அளவுக்கு நீண்டிருக்கிறது. நல்ல செய்திதான். மொத்தம் 17 தவணை, ஒவ்வொன்றும் 200 மில்லிகிராம். செலவு பல லட்சம். பாபநாசம் தாலுகாவில் எத்தனை குடும்பத்தால் முடியும்?

மற்றது மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. முற்றிய நிலையில் 151 பேர். எல்லாருக்கும் குறைந்த செலவு வாய்வழி மாத்திரைகள். பாதிப் பேருக்குக் கூடவே நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மருந்து சேர்க்காத பிரிவில் 16.3 சதவீதம், சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம்.

இது எப்படிச் சாத்தியம் என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தாலே டி செல்களின் பிடி-1-இல் பெரும்பகுதியை மருந்து பிடித்துக்கொள்கிறது என்று ஆரம்ப ஆய்வுகளிலேயே தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஊற்றுவது யாருக்காக? இந்த ஆய்வில் முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஒப்பீடுதான் நம் நாட்டுக்கு அவசரம். புது மூலக்கூறு தேடுவதைவிட, இருக்கிற மருந்தில் எவ்வளவு போதும் என்று கண்டுபிடிப்பது பெரிய விஞ்ஞானம் என்றே நினைக்கிறேன்.

ஜூன் 19

தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்தோம். ஆரம்ப நிலை, அறுவையே போதும் என்றார். பெரியம்மாவுக்கு இப்போது இம்யூனோதெரபி, அதாவது இந்த எதிர்ப்பு சக்தி மருந்துகள், தேவையில்லை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 21

பாக்கு போடுகிறவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறத் திசு நார்போல் இறுகிப்போகும். மூன்று விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறக்காது. அந்த இறுக்கம் டி செல்களைக் கட்டிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறதா என்பதுதான் நான் இப்போது தேடுவது. அப்படி நின்றால் 20 மில்லிகிராம் என்ன, 200 கொடுத்தும் பயனிருக்காது.

நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வு என்பதால், அகற்றும் திசுவில் ஒரு துண்டைக் கேட்கலாம். பெரியம்மா ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். "எம் பேரு வெளிய வராதுல்ல?" வராது, எண் மட்டும்தான் என்றேன். கையெழுத்துப் போட்டார். அறுவை வியாழக்கிழமை. துண்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்று இரவே உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு எடுத்துப் போகவேண்டும். செல்கள் உயிரோடு இருக்கும்போதே பிரித்தாக வேண்டும்.