ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், நடுவுல ரெண்டு சிம்லிங்க்

பழைய ஹார்ட் டிஸ்க்ல ஒரே போட்டோ எத்தனை இடத்துல காப்பி ஆகியிருக்குன்னு பாக்க பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டரைத் திற, உள்ள இருக்கறது ஃபைல்னா குறிச்சு வை, ஃபோல்டர்னா அதே ஃபங்ஷனை அதுக்கும் கூப்பிடு, அவ்ளோதான் ரிக்கர்ஷன், பத்து வரி கூட வராது.

ஓட விட்டா முடியவே இல்ல. ஒரே போட்டோ திரும்பத் திரும்ப வருது, பாத் (ஃபைல் இருக்கற இடத்தோட முகவரி) மட்டும் நீண்டுக்கிட்டே போகுது, தேடிப் பாத்தா உள்ள எங்கயோ ரெண்டு சிம்லிங்க், அதாவது வேற இடத்தைக் காட்டற ஷார்ட்கட் மாதிரியான ஃபைல், மேல இருக்கற ஃபோல்டரையே காட்டிட்டு இருக்கு. லினக்ஸ்ல ஒரு பாத்துக்குள்ள 40 சிம்லிங்க்குக்கு மேல கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) விடாது, அதனால ஒரே ஒரு லிங்க்னா 40 சுத்தோட தானா நின்னிருக்கும், ரெண்டு இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் வழி ரெட்டிப்பாகுது, 2 பவர் 40 எங்க போய் முடியறது!

ஃபோல்டருக்குள்ள தானா இறங்கிப் போக பைத்தானோடயே வர்ற ஓஎஸ்.வாக் ஃபங்ஷனுக்கு மாறினதும் இந்தப் பிரச்சனை போச்சு, அது சிம்லிங்க் வழியா உள்ள போகாது, நாமளா ஃபாலோலிங்க்ஸ் ட்ரூன்னு குடுத்தாதான் போகும். அப்படி போயே ஆகணும்னா பாத்தை நம்பாதீங்க, டிவைஸ் நம்பரையும் (எந்த டிஸ்க்) ஐநோட் நம்பரையும் (அந்த டிஸ்க்ல எந்த ஃபைல் இல்லன்னா ஃபோல்டர்) ஜோடியா ஒரு செட்ல போட்டு வச்சு, ஏற்கனவே பாத்த ஜோடி வந்தா திரும்பிடணும். பைத்தான் 3.5ல இருந்து வாக் ஃபோல்டரைப் படிக்க உள்ளுக்குள்ள ஸ்கேன்டிர்ங்கற ஃபங்ஷனை யூஸ் பண்றதால வேகமும் நல்லாவே இருக்கு.

வேண்டாத ஃபோல்டரைத் தவிர்க்க, வாக் குடுக்கற சப்ஃபோல்டர் லிஸ்ட்ல இருந்தே அந்தப் பேரை எடுத்துடணும். புதுசா ஒரு லிஸ்ட் பண்ணி அதே வேரியபிள் பேர்ல வச்சா வாக்குக்கு அது தெரியவே தெரியாது, பழைய லிஸ்ட்டை வச்சு உள்ள போயிடும், இதுல நிறைய பேர் மாட்டறாங்க.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது வாக்குக்கு நாம குடுக்கற ஆன்எரர்ங்கற ஆப்ஷன் பத்தி, எரர் வந்தா எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்னு அதுல சொல்லலாம். பர்மிஷன் இல்லாத ஃபோல்டர் வந்தா வாக் எந்த எரரும் காட்டாம சத்தமில்லாம அடுத்ததுக்குப் போயிடும், ஸ்கிரிப்ட் ஒழுங்கா முடிஞ்ச மாதிரியே இருக்கும். எரரை பிரிண்ட் பண்ற சின்ன ஃபங்ஷனை ஆன்எரருக்கு குடுத்து மறுபடி ஓட்டினப்பதான் மூணு ஃபோல்டர் திறக்கவே இல்லன்னு தெரிஞ்சுது, நான் அதுக்கு முன்னாடியே டூப்ளிகேட்னு ஒரு பெரிய லிஸ்ட் எடுத்து டெலிட் பண்ண ரெடியா இருந்தேன். பர்மிஷனை சரி பண்ணிட்டு லிஸ்ட்டை முதல்ல இருந்து எடுத்துட்டு இருக்கேன்.