ஒரு லட்சம் லிட்டர்: கடைசி செமஸ்டர் நாட்குறிப்பு

ஜனவரி 7, 2019, திங்கள்

எங்கள் சிவில் ப்ராஜெக்ட்டின் ஜீரோத் ரிவ்யூ முடிந்தது. தலைப்பு ஓகே. கிராமம் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் இன்ட்ஸ் வகை மேல்நிலைத் தொட்டி வடிவமைப்பு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீனியர்களின் எக்ஸெல் ஃபைல் எங்களிடம் இருக்கிறது. அவர்களுடையது ஐந்து லட்சம் லிட்டர். எண்களை மாற்றினால் விடை தானாக வந்து விழும். ஏன் ஒரு லட்சம் என்று கேட்டால், முழு எண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்ட்ஸ் என்பது ஜெர்மனியின் ஆஹன் நகரத்துப் பேராசிரியர் ஓட்டோ இன்ட்ஸின் பெயர். தொட்டியின் அடியில் கூம்பு ஒன்று, உள்ளே கவிழ்த்த குவிமாடம் ஒன்று. கூம்பு உள்ளே தள்ளும், குவிமாடம் வெளியே தள்ளும், நடுவில் இருக்கும் வளைய பீமில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் சிவில் மாணவர்களுக்கு அதன்மேல் இருக்கும் காதலுக்குக் காரணம் வேறு. கணக்கு நிறைய வரும், ஐம்பது பக்கம் அலட்டிக்கொள்ளாமல் நிறையும்.

ஜனவரி 20, ஞாயிறு

எங்கள் குழுவில் ஒருவன் பேராவூரணிப் பக்கம். பொங்கல் முடிந்த கையோடு நால்வரும் அவன் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் கஜா சாய்த்த தென்னைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. புயல் வந்தது நவம்பர் 16, இரண்டு மாதம் ஆகிவிட்டது. சில தோப்புகளில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. அவன் அப்பா தோப்பைக் காட்டிவிட்டு வேறு எதுவும் பேசாமல் டீ போடச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஊர்த் தொட்டி 30,000 லிட்டர். தூணில் கொள்ளளவும், கடைசியாகச் சுத்தம் செய்த தேதியும் பெயின்ட்டில் எழுதியிருக்கின்றன. தொட்டி ஆபரேட்டர் அண்ணன் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து காட்டினார். நான் பாதி ஏணியோடு நின்றுவிட்டேன்.

புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டர் வரும். ஊர் ஊராக முறை வைத்து, இங்கே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். “அந்த நாள்ல ஒரு தடவகூட டேங்க் ரொம்பலம்மா. ஏத்துனது அப்பயே தெருக்குழாய்ல போயிரும், கடைசித் தெருவுக்குக் காத்துதான் வரும்” என்றார். குறித்துக்கொண்டேன்.

ஊராட்சியில் மக்கள்தொகை வாங்கி, முப்பது வருடம் முன்னோக்கிக் கணக்குப் போட்டால் 1,800 பேர். ஆளுக்கு 55 லிட்டர். மொத்தம் 99,000. எங்கள் ‘முழு எண்’ சரியாக வந்து உட்கார்ந்துவிட்டது! பஸ்ஸில் திரும்பும்போது நால்வருக்கும் ஒரே குஷி.

பிப்ரவரி 6, புதன்

முதல் ரிவ்யூ. குஷி போயே போச்சு.

எங்கள் கைடு மேடம் கேட்ட முதல் கேள்வி: “ஏன் இன்ட்ஸ்?” சிக்கனம் என்றோம். “எதோட ஒப்பிட்டு?” பதில் இல்லை. எங்கள் தொட்டியின் 6.5 மீட்டர் விட்டத்துக்குத் தட்டையான அடித்தளமே போதும் என்றார். இன்ட்ஸின் லாபம் பெரிய தொட்டியில்தான். அந்தச் சரிவான கூம்புக்கு சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) அடிக்கக் கிராமத்தில் ஆள் கிடைப்பாரா, கிடைத்தாலும் என்ன கூலி கேட்பார் என்று யாராவது விசாரித்தீர்களா? இல்லை.

இரண்டாவது கேள்வி: “காலையிலயும் சாயங்காலமும் பம்ப் பண்ணினா பாதிக் கொள்ளளவு போதுமே, ஏன் ஒரு நாள் தேவை முழுசும் மேலே நிக்கணும்?” நாங்கள் முழிக்க, பேராவூரணிக்காரன் ஜெனரேட்டர் கதையைச் சொன்னான். கரண்ட் இல்லாத நாளில் ஒரு தடவை ஏற்றினால் ஊருக்கு ஒரு நாள் தாங்க வேண்டும் என்றான். இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது உங்க ரிப்போர்ட்ல எங்க இருக்கு?” என்றார்.

எங்கேயும் இல்லை.

இன்ட்ஸ் போயிற்று, ஐம்பது பக்கமும் அதோடு போயிற்று. தலைப்பையும் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று ஒரு துப்பறியும் வேலை. சுவரில் நீர் உண்டாக்கும் வளைய இழுவிசையைக் கையால் கணக்கிட்டேன். 3.05 மீட்டர் ஆழம், 3.25 மீட்டர் ஆரம், அடியில் மீட்டருக்கு சுமார் 97 கிலோநியூட்டன். இந்த இழுவை முழுவதையும் கம்பிதான் தாங்க வேண்டும். எக்ஸெலிலும் அதே விசைதான் வருகிறது. ஆனால் கம்பியின் அளவு ஒத்துப்போகவில்லை.

ஒரு மணி நேரம் தேடியதில் ஒரு செல்லுக்குள் 150 உட்கார்ந்திருந்தது. கம்பியில் அனுமதிக்கும் தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் இழுவிசை. எங்கிருந்து வந்த 150? தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3370-இன் 1965 பதிப்பிலிருந்து. 2009 பதிப்பில் அது 130 ஆகிவிட்டது. விரிசல் விழுந்து நீர் கசியக் கூடாது என்பதால் கம்பியை அவ்வளவு இழுக்க விடுவதில்லை. பழைய பாடப்புத்தகத்திலிருந்து ஒரு சீனியர் எடுத்திருப்பார், அவரிடமிருந்து அடுத்தவர், அப்புறம் நாங்கள். எத்தனை வருடமாக இந்த 150 எங்கள் டிபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறதோ.

12 மி.மீ. கம்பி 170 மி.மீ. இடைவெளியில் இருந்தது 150 மி.மீ. இடைவெளிக்கு நெருங்கியது. படத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்.

மார்ச் 3, ஞாயிறு

காற்று. இதுவும் எக்ஸெலில் பழைய கணக்குதான், 1987 பதிப்பு. 2015-இல் வந்த ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில், அதாவது காற்றுச் சுமைக்கான தரவிதியில், காற்றின் வேகத்துக்கு கே4 என்று புதிதாக ஒரு பெருக்கி இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய புயல் பகுதிக்கானது. சாதாரணக் கட்டடத்துக்கு 1. புயலுக்குப் பிறகு நின்றே ஆக வேண்டியவற்றுக்கு 1.3. உதாரணமாகப் புயல் காப்பகம், மருத்துவமனை, தகவல்தொடர்புக் கோபுரம் என்று சொல்லி ‘முதலியன’ என்று முடிக்கிறது. தண்ணீர்த் தொட்டி அந்த ‘முதலியன’வுக்குள் வருமா, வராதா?

விடுதி மெஸ்ஸில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. காற்றழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால் 1.3 போட்டால் அழுத்தம் 1.69 மடங்கு. தூண்கள் தடிக்கும், செலவு கூடும், ஸ்டாட் மென்பொருளில் போட்ட மாடலை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது காற்றடித்தால் ஒரு பக்க அஸ்திவாரம் தூக்குகிறதா என்று வேறு பார்க்க வேண்டும். “கோட்ல தொட்டின்னு எழுதலயே, எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டு” என்றாள் என் ரூம்மேட். அவள் சொன்னதும் நியாயம்தான். பேராவூரணிக்காரன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, “போடுங்க” என்றான். போட்டோம்.

மார்ச் 14, வியாழன்

இரண்டாம் ரிவ்யூ. பரவாயில்லை. ஸ்லைடில் எழுத்து சிறியது என்றார்கள்.

மார்ச் 27, புதன்

கணக்கு போடுவதைவிட எழுதுவது கஷ்டம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் அத்தியாயத்தை ‘தண்ணீர் மனிதனின் அடிப்படைத் தேவை’ என்று தொடங்கியிருந்தோம். மேடம் சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘கஜாவிலிருந்து தொடங்கு’ என்று எழுதித் தந்தார். அதற்குப் பிறகு முதல் மூன்று பக்கம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

நாலாம் அத்தியாயம்தான் உயிரை எடுத்தது. ‘எனவே இது தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அந்த ‘எனவே’க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பாதி இடத்தில் ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

பைண்டிங். மூன்று மணி நேரம் கடையில். மூன்றாவது பிரதியில் போனஃபைட் (சான்றிதழ்) பக்கம் தலைகீழாக. மறுபடியும் முதலிலிருந்து.

ஏப்ரல் 10, புதன்

வைவா, வாய்மொழித் தேர்வு. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) வயதானவர், களத்தில் நிறைய வேலை பார்த்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. 130 பற்றிக் கேட்டார், சொன்னேன். கே4 பற்றிக் கேட்டார், ரூம்மேட்டே முந்திக்கொண்டு தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினாள். தலையாட்டினார். பிறகு ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுச்சு?”

“ரெண்டு மணி நேரம் சார்.”

“உங்க பம்ப் மணிக்கு எவ்வளவு?”

எட்டு மணி நேரத்தில் ஒரு லட்சம் என்று வைத்திருந்தோம். மணிக்கு 12,500. சொல்லும்போதே வாய்க்குள் விடை வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் 25,000 லிட்டர்தான் ஏறும். ஊரெல்லாம் இருண்டு கிடக்கும் நாளில் எங்கள் தொட்டி முக்கால் பாகம் காலியாக நிற்கும். எதற்காக அவ்வளவு பெரிதாகக் கட்டினோமோ, அந்த நாளில்.

பேராவூரணிக்காரன் பெரிய பம்ப் போடலாம் என்றான். “போடலாம். போர்வெல் அவ்வளவு குடுக்குமா? ஜெனரேட்டர் இழுக்குமா?” என்றார் அவர், கோபமில்லாமல். மேடம் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து எக்ஸ்டர்னல், “கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வச்சா முதல் நாள் தாங்கும், அதுக்கு உங்க தொட்டி சரி. ரெண்டாவது நாளைக்கு யோசிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிடச் சொன்னார்.

இரவு

மார்க் நன்றாகத்தான் வரும் என்கிறார்கள். தூக்கம் வராமல் இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஜனவரி 20. என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘ஒரு தடவகூட டேங்க் ரொம்பலம்மா.’ பக்கத்தில் ‘குறித்துக்கொண்டேன்’ என்று வேறு எழுதியிருக்கிறேன்.