தப்பான லேன்ல வந்துட்டீங்களா, அப்படியே தப்பாவே போயிடுங்க

ஊர்லேருந்து புதுசா வந்திருக்கற ஒரு பையன் ஆபீஸ்ல சாப்பிடறப்ப சொன்னான், "அண்ணே, கார் வாங்கி மூணு மாசம் ஆச்சு, இந்த ரவுண்டபவுட்டுக்கு பயந்துகிட்டே பஸ்ல வர்றேன்"னு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. ஏன்னா இதே ஊர்ல இதே ரவுண்டபவுட்டுல நான் டிரைவிங் டெஸ்ட்ல ஃபெயில் ஆனவன். அவனுக்கு ஒரு மணி நேரம் பேப்பர் நாப்கின்ல படம் போட்டு சொன்னதை இங்கயும் எழுதி வச்சிடறேன், வேற யாருக்காவது உதவும்.

நான் இருக்கறது இங்கிலாந்துல ஸ்விண்டன். இந்த ஊரை பத்தி யார்கிட்ட சொன்னாலும் முதல்ல கேக்கறது மேஜிக் ரவுண்டபவுட் பத்திதான், அதுக்கு அப்புறம் வரேன்.

நமக்கு ரவுண்டானான்னா என்ன? திருச்சியில நான் வண்டி ஓட்டி பழகினப்ப, நடுவுல ஒரு சிலை, அதை சுத்தி கம்பி வேலி, எந்த கேப்புல மூக்கை நுழைக்க முடியுதோ அதுதான் நம்ம லேன். பஸ் வந்தா நாம நிக்கணும், நாம ஆட்டோவை விட பெருசா இருந்தா ஆட்டோ நிக்கணும். அந்த பழக்கத்தோட இங்க வந்து, இந்திய லைசென்ஸை வச்சு பன்னெண்டு மாசம் ஓட்டலாம்ங்கறதால ஒரு வருஷம் ஓட்டியும் தள்ளிட்டேன். யார் மேலயும் இடிக்கல, அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. பின்னாடி ஹார்ன் அடிச்சவனெல்லாம் எவ்ளோ பிரேக் போட்டு என்னை காப்பாத்தியிருக்கான்னு இப்பதான் புரியுது.

அப்புறம் டெஸ்ட். ரெண்டு லேன் இருக்கற ரவுண்டபவுட், வலது பக்கம் போகணும், நான் பேசாம இடது லேன்ல வந்து நின்னுட்டேன். உள்ள போயி பாதி சுத்தினதும்தான் ஐயோன்னு தோணுச்சு, கண்ணாடிய பாக்காம ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினேன், பக்கத்துல ஒரு வெள்ளை வேன், எக்ஸாமினர் அவர் பக்கத்து பிரேக்கை மிதிச்சுட்டார். அவ்ளோதான். சின்ன தப்பு பதினஞ்சு வரைக்கும் பண்ணலாம், பெரிய தப்பு ஒண்ணே ஒண்ணு போதும் ஃபெயிலுக்கு. இதுல எரிச்சல் என்னன்னா, டெஸ்ட்ல கொஞ்ச நேரம் போர்டையோ சாட்நாவையோ (வழி சொல்ற ஜிபிஎஸ்) பாத்து நாமளே ஓட்டணும், அதுல வழி தப்பி வேற ரோட்டுல போனா அதுக்கு மார்க்கே குறைக்க மாட்டாங்க. தப்பான ரோட்டுல சரியா ஓட்டினா பாஸ். நான் சரியான ரோட்டை பிடிக்கறேன்னு தப்பா ஓட்டி ஃபெயில்.

அதுக்கப்புறம் எனக்கு சொல்லிக் குடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன், முப்பது வருஷமா இங்க இருக்கார். அவர் முதல் நாளே சொன்னது இதுதான். "தம்பி, பிழையான லேனுக்க வந்திட்டீர் எண்டா பிழையாவே போம். அந்த லேன் எங்க கொண்டு போகுதோ அங்க போய் திரும்பி வாரும். ரெண்டு நிமிசம் பிந்தினா ஒருத்தரும் அடிக்க மாட்டினம்." இதை புரிஞ்சுக்கறதுக்கு எனக்கு ஒரு ஃபெயிலும் ரெண்டாவது தடவை டெஸ்ட் ஃபீஸும் ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். ரவுண்டபவுட்டுல முடிவு எடுக்கற இடம் ரவுண்டபவுட் இல்ல. அதுக்கு முன்னாடி வர்ற பெரிய போர்டு இருக்கே, வட்டம் போட்டு கை கால் மாதிரி ரோடு வரைஞ்சிருக்கும், அங்கயே முடிஞ்சிடணும். அந்த போர்டை ஒரு கடிகாரமா நெனச்சுக்கோங்க, நாம வர்றது ஆறு மணி பக்கத்துலேருந்து. முதல் எக்ஸிட்ல இடது பக்கம் போகணும்னா இடது லேன், இடது இண்டிகேட்டர், கடைசி வரைக்கும் அப்படியே. பன்னெண்டு மணிக்கு நேரா போகணும்னா பெரும்பாலும் இடது லேன்தான், நுழையறப்ப இண்டிகேட்டர் வேண்டாம். பன்னெண்டை தாண்டி வலது பக்கம், இல்லேன்னா முழுசா சுத்தி வந்த வழியே திரும்பணும்னா வலது லேன், வலது இண்டிகேட்டர். எதுவா இருந்தாலும் நம்ம எக்ஸிட்டுக்கு முந்தின எக்ஸிட்டை தாண்டினதும் இடது இண்டிகேட்டர் போட்டு, இடது கண்ணாடியும் தோளுக்கு பின்னாடியும் ஒரு பார்வை பாத்துட்டு வெளிய வரணும். இந்த கடைசி பார்வையைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, உள் லேன்லேருந்து வெளிய வர்றப்ப இடது பக்கம் யாராவது வெளிய போகாம சுத்திகிட்டே இருக்கலாம்ல.

ஆனா இந்த கடிகார கணக்கையெல்லாம் ரோட்டுல இருக்கற பெயின்ட் ஒரு நொடியில மாத்திடும். அம்புக்குறி போட்டிருந்தா, எம்4ன்னு (இங்க பக்கத்துல போற பெரிய நெடுஞ்சாலை) ரோட்டு நம்பர் எழுதியிருந்தா, அதுதான் சட்டம், நீங்க படிச்சதை மறந்துடுங்க. சில இடத்துல நேரா போறதுக்கு ரெண்டு லேனும் குடுத்திருப்பான், சில இடத்துல இடது லேன் இடது பக்கத்துக்கு மட்டும். ஸ்பைரல்னு ஒண்ணு இருக்கு, உள் லேன்ல நுழைஞ்சு கோட்டை மட்டும் விடாம பிடிச்சு போனா அதுவே நத்தை ஓடு மாதிரி சுருள் விரிஞ்சு வெளி லேனுக்கு கொண்டு வந்து விட்டுடும். அங்க நாம புத்திசாலித்தனமா லேன் மாத்தினாதான் வம்பு. நெதர்லாந்துல 90கள்ல டர்போ ரவுண்டபவுட்னு ஒண்ணு கண்டுபிடிச்சு, லேனுக்கு நடுவுல சின்ன மேடே கட்டி வச்சிட்டாங்க, மாத்தணும்னு நெனச்சாலும் முடியாது. என்ன மாதிரி ஆளுங்கள பாத்துட்டுதான் கட்டியிருப்பாங்க போல.

சாட்நாவ் "மூணாவது எக்ஸிட்"னு சொல்றதை மட்டும் நம்பி எண்ணிகிட்டே போகாதீங்க. ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் வாசலை எக்ஸிட்டா எண்ணி நான் ஒரு தடவை சூப்பர்மார்க்கெட் பின்பக்கம் லாரி சரக்கு இறக்கற இடத்துல போய் நின்னேன். ரோட்டு நம்பரை பிடிங்க, எண்ணிக்கையை விடுங்க.

அடுத்தது நுழையறது. வலது பக்கத்துலேருந்து வர்றவங்களுக்கு வழி விடணும், அதாவது ஏற்கனவே உள்ள சுத்திகிட்டு இருக்கறவங்களுக்கு. இங்கயே இது பிரிட்டன் முழுக்க சட்டமா வந்தது 1966லதான். அதுக்கு முன்னாடி இப்படி ஒரு தெளிவான விதி இல்லாம அவங்களும் நம்மள மாதிரிதான் முட்டி மோதிகிட்டு இருந்திருக்காங்க. யோசிச்சு பாருங்க, வெளியிலேருந்து வர்றவன் முதல்ல நுழைஞ்சா வட்டம் நிரம்பும், நிரம்பினா உள்ள இருக்கறவன் அவன் எக்ஸிட்டுக்கு போக முடியாது, அவன் போகாததால இன்னும் நிரம்பும், கடைசில ஒருத்தனும் நகர முடியாம பூட்டு விழுந்திடும். நம்ம ஊர்ல சாயந்தரம் ஆறு மணிக்கு பாக்கற அதே காட்சி. நம்ம நாட்டுலயும் 2017 ஓட்டுதல் விதிகள்ல உள்ள இருக்கற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு இருக்கு. போன தடவை லீவுல போனப்ப அதை நம்பி திருச்சியில ஒரு ரவுண்டானாவுல நின்னேன், பின்னாடி ஆட்டோக்காரர் எட்டி பாத்து "என்ன சார், வண்டி ஆஃப் ஆயிடுச்சா, தள்ளி விடவா"ன்னு கேட்டார். கிண்டல் இல்லங்க, நெஜமாவே உதவி பண்ண இறங்கிட்டார்.

நுழையற இடத்துல இன்னொரு ஆபத்து முன்னாடி நிக்கற கார். நாம வலது பக்கம் பாத்துகிட்டே இருப்போம், கேப் வரும், முன்னாடி கார் போயிருக்கும்னு நாமளா நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிப்போம், அதை ஓட்டற அம்மா தயங்கி நின்னுகிட்டே இருப்பாங்க, டம். எனக்கு ஒரு முழம் இடைவெளில தப்பிச்சது. அதுலேருந்து முன்னாடி கார் கோட்டை தாண்டி முழுசா போனதுக்கு அப்புறம்தான் என் கழுத்து வலது பக்கம் திரும்பும்.

உள்ள வர்ற ஒருத்தன் இடது இண்டிகேட்டர் போட்டிருக்கான்னா அவன் வெளிய போறான்னு நம்பிடாதீங்க, நேத்து போட்டதை இன்னும் அணைக்காம இருக்கலாம். அவன் முன் சக்கரம் திரும்புதா பாருங்க, சக்கரம் பொய் சொல்லாது. அப்புறம் பெரிய லாரி. அது திரும்பறப்ப பின்னாடி ட்ரெய்லர் உள்பக்கமா வெட்டும், அதுக்கு ரெண்டு லேனும் வேணும், பக்கத்துல போய் ஒட்டிகிட்டு நிக்காதீங்க, பின்னாடியே இருங்க. முக்கியமா போலந்து, ருமேனியா நம்பர் பிளேட் லாரி, அங்க டிரைவர் சீட் இடது பக்கம், நீங்க அவருக்கு வலது பக்கம் இருந்தா கண்ணாடில நீங்க இல்லவே இல்ல. சைக்கிளும் குதிரையும் (ஆமா, குதிரைதான், நம்ம ஊர் மாடு மாதிரி இங்க அது) வலது பக்கம் போகணும்னாலும் இடது லேன்லயே சுத்தி வரலாம்னு ஹைவே கோட்லயே (இங்கத்த ரோட்டு விதி புத்தகம்) இருக்கு. அதனால ஒரு எக்ஸிட் கிட்ட சைக்கிள் போனா அது வெளிய போகுதுன்னு முடிவு பண்ணி முன்னாடி வெட்டாதீங்க.

இவ்ளோ தொல்லை இருந்தும் இவனுங்க ஏன் சிக்னல் வைக்காம வட்டம் வைக்கறாங்கன்னு அந்த பையன் கேட்டான். நாலு ரோடு சந்திக்கற ஜங்ஷன்ல வண்டியும் வண்டியும் பாதை மோதிக்கற புள்ளி 32, ஒரு லேன் ரவுண்டபவுட்டுல அது எட்டு. அது மட்டும் இல்ல, ஜங்ஷன்ல இடிச்சா நேர் விலால இடிப்பான், வேகமும் இருக்கும், இங்க இடிச்சாலும் மெதுவா சாய்வா உரசல்தான், கதவு நசுங்கும், ஆள் பொழச்சுக்குவான். லேன் கூட கூட அந்த புள்ளியும் கூடும், அதனாலதான் ரெண்டு மூணு லேன் வந்தா இவ்ளோ கோடு, அம்பு, பெயின்ட்.

இப்ப மேஜிக் ரவுண்டபவுட். கவுன்ட்டி கிரவுண்ட் ஃபுட்பால் மைதானத்துக்கு பக்கத்துல, அஞ்சு ரோடு சேர்ற இடம். அஞ்சு குட்டி ரவுண்டபவுட், ஒவ்வொண்ணும் நம்ம வழக்கம் போல கடிகார சுத்து, அதுக்கு நடுவுல இருக்கறதை மட்டும் எதிர் சுத்துல சுத்தலாம். ஃப்ராங்க் பிளாக்மோர்னு ஒரு இன்ஜினியர், குட்டி ரவுண்டபவுட்டை கொண்டு வந்ததே அவர்தான், அவரோட யோசனை இது. 1972ல திறந்தப்ப ஒவ்வொரு குட்டி வட்டத்துலயும் ஒரு போலீஸ்காரரை நிக்க வச்சு பழக்கியிருக்காங்க. முதல் தடவை மேலேருந்து எடுத்த படத்தை பாத்தா இட்லி தட்டு ஞாபகம் வரும். ஆனா உண்மைய சொல்லட்டுமா, ஓட்டறப்ப பயமே இல்ல. மொத்தத்தையும் பாக்காதீங்க, கண்ணுக்கு முன்னாடி இருக்கற ஒரு குட்டி வட்டத்தை மட்டும் பாருங்க, வலது பக்கம் வழி விடுங்க, அதை தாண்டினதும் அடுத்தது. எங்க போகணுமோ அந்த திசையா மூக்கை வச்சுகிட்டே போனா போய் சேந்துடுவீங்க. அங்க வேகமா போகவே முடியாது, அதனால பெரிய இடியும் இல்ல. எனக்கு இன்னிக்கும் வயித்தை கலக்கறது எம்4 ஜங்ஷன்ல ராத்திரி மழை பெய்யறப்பதான், பெயின்ட் எல்லாம் தண்ணிக்குள்ள பளபளன்னு ஒண்ணும் தெரியாது, முன்னாடி போறவன் பின்னாடியே நூல் பிடிச்ச மாதிரி போகணும், அவனுக்கும் தெரியலேன்னா கதை முடிஞ்சுது. அந்த மாதிரி நேரத்துல வேகத்தை நல்லா குறைச்சு, போர்டுல இருந்த லேனை முன்னாடியே பிடிச்சு, அதை மட்டும் விடாம இருப்பேன்.

வீட்டுல இப்ப டெஸ்டுக்கு பழகறா. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு ரோடு காலியா இருக்கும்னு மேஜிக்குக்கு கூட்டிட்டு போனேன். எக்ஸிட்டை விட்டுட்டா, என்னை ஒரு பார்வை பாத்தா, நான் வாயே தெறக்கல. "ஏங்க, இன்னொரு சுத்து சுத்தவா"ன்னா. சுத்தினோம். மறுபடியும் விட்டா. மூணாவது சுத்துல பின் சீட்லேருந்து சின்னவன் "அம்மா, பிரதட்சணமா?"ன்னு கேட்டான். நாலாவதுல ஒழுங்கா கண்ணாடி பாத்து, இண்டிகேட்டர் போட்டு, அழகா ஒரு எக்ஸிட்ல வெளிய வந்தா. நாங்க போக வேண்டிய எக்ஸிட் இல்ல அது. பரவாயில்ல, அந்த ரோட்டுலதான் பால் வாங்கிட்டு வந்தோம்.