ஃபார்ம்ல ஒரு கட்டம் சேர்க்க அஞ்சு வாரம்

போன வருசம் ஒரு ஆய்வுல ஃபீல்டு வேலை பாத்தேன். வயசானவங்கள்ல சுகர் இருக்கவங்களுக்கு மனச்சோர்வும் இருக்கான்னு பாக்குறது. எங்களுக்கு ஒதுக்குனது தெற்குவாசல் பக்கம், சௌராஷ்டிரா குடும்பங்க நெறைய இருக்குற சந்துங்க. எங்க வீட்டுலயும் சௌராஷ்டிரா பாஷைதான். ஆனா கேள்வித்தாள் தமிழ்ல மட்டும், மதுரைல தமிழ் தெரியாதவங்க யாருன்னு மீட்டிங்ல முடிச்சுட்டாங்க, அன்னைக்கு நானும் தலைய ஆட்டிட்டுத்தான் வந்தேன்.

மூணாவது நாள் ஒரு பாட்டி. வாசப்படில உக்காந்து சுங்குடிக்கு முடிச்சு போட்டுக்கிட்டே பேசுனாங்க. மனச்சோர்வ அளக்குற கேள்வித்தாள் பேரு பி.எச்.க்யூ-9, அதுல மொத்தம் 9 கேள்வி, கடந்த ரெண்டு வாரத்துல எவ்வளவு நாள் இப்படி இருந்துச்சுன்னு கேட்டு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க் போடணும். தூக்கம் எப்படி பாட்டின்னேன். அவங்க என்னப் பாக்கல, மருமகளப் பாத்து எங்க பாஷைல, தினம் விடிய விடிய முழிச்சுத்தான் கெடக்கேன், இத இந்தப் பிள்ளைகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுதுன்னாங்க. மருமக என் பக்கம் திரும்பி தமிழ்ல, "நல்லாத் தூங்குறாங்கக்கா." அத எழுதுனா 0, நான் காதால கேட்டது 3. பேனாவ வச்சுக்கிட்டு முழிச்சேன்.

ஃபார்ம்ல பாஷைக்குன்னு இருந்தது தாய்மொழின்னு ஒரே கட்டம். சென்சஸ்லயும் தாய்மொழி, அதுபோக தெரிஞ்ச ரெண்டு மொழி கேப்பாங்க, 2011ல சௌராஷ்டிரான்னு சொன்னவங்க நாடு முழுக்க சுமார் 2.47 லட்சம். ஆனா வலியையும் தூக்கமில்லாததையும் ஒருத்தர் எந்தப் பாஷைல சொல்லுவாருன்னு அதுல எப்படித் தெரியும்? பேட்டி எந்த மொழில நடந்துச்சு, நடுவுல யாரு மொழிபெயர்த்தாங்க, அதுதான் வேணும். தேசிய குடும்ப நல ஆய்வுல இதுக்குத் தனித்தனிக் கட்டமே இருக்கு, அதக் காட்டுனப்பறம்தான் எங்க சார் சரின்னார்.

அங்க ஆரம்பிச்சது அலைச்சல். அப்ரூவல் வாங்குன ஃபார்ம்ல ஒரு வரி மாத்துனாலும் எத்திக்ஸ் கமிட்டிகிட்ட திரும்பப் போகணும். சௌராஷ்டிராலயும் பேட்டி எடுக்கணும்னா கேள்விய அதுக்கு மாத்தி, மூலத்தப் பாக்காத இன்னொருத்தர வச்சு அதத் திரும்பத் தமிழுக்கு மாத்தி ஒப்பிடணும். நான் மாத்துனதுல ரெண்டாவது கேள்வி, மனசு சோர்ந்து போயிருக்கான்னு கேக்குறது, திரும்பி வந்தப்ப "உடம்பு அசதியா இருக்கா"ன்னு வந்துச்சு. நாலாவது கேள்வியே அசதிதான்! ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்குற மாதிரி ஆயிருச்சு. எங்க அம்மா, பெரியம்மா எல்லார்கிட்டயும் கேட்டு கேட்டு நாலு தடவ திருத்துனேன்.

அடுத்து எந்த எழுத்துல அடிக்கிறதுன்னு ஒரு சண்ட. சௌராஷ்டிராவுக்குத் தனி எழுத்து இருக்கு, 2008லயே கம்ப்யூட்டர்ல அடிக்கிறதுக்கான யூனிகோடுல வந்துருச்சு, ஆனா எனக்கே வாசிக்க வராது, அந்தச் சந்துல வாசிக்கிற ஆளையும் நான் பாக்கல. கடைசில தமிழ் எழுத்துல, க மாதிரி எழுத்து மேல சின்னதா 2, 3, 4 போட்டு, தமிழ்ல தனி எழுத்து இல்லாத சத்தத்தப் பிரிக்கிற முறைல அடிச்சோம். ஒப்புதல் படிவத்த வாசிச்சுக் காட்டி குரல்ல பதிவு பண்ணிக்கலாம், கூட ஒரு சாட்சி இருக்கணும்னு கமிட்டில சொன்னாங்க, நல்லதாப் போச்சு.

எல்லாம் முடிய அஞ்சு வாரம். திரும்ப அதே பாட்டிகிட்டப் போயி மருமக தண்ணி புடிக்கப் போன நேரமாப் பாத்து, பக்கத்து வீட்டம்மா சாட்சிக்கு உக்கார, எங்க பாஷைல ஆரம்பிச்சேன். முடிச்சு போடுற கை நின்னுபோச்சு. "அன்னைக்கு நான் பேசுனது பூராம் ஒனக்குப் புரிஞ்சுச்சா?"ன்னாங்க, நான் சிரிச்சு மழுப்புனேன், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். தூக்கத்துக்கு 3 போட்டேன்.

புதுக் கட்டத்துல 1 தமிழ், 2 சௌராஷ்டிரா, 3 ரெண்டும் கலந்து. டேட்டா என்ட்ரி தம்பி போன் அடிச்சு, "என்னக்கா, எல்லா ஃபார்ம்லயும் 3தான் போட்டுருக்கு, தப்பா அடிச்சுட்டீங்களா"ன்னான். எங்க வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வாடான்னு சொல்லி வச்சுட்டேன்.