வீட்டுக்குள்ள செருப்பு போட்டா என்னங்க?

குதிகால் வலிக்குதுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, ஒருத்தர் வாயும்பாங்க, இன்னொருத்தர் வயசாயிடுச்சும்பாங்க, மூணாவது ஆளு செங்கல்லை சுட வச்சு மேல எருக்க இலை போட்டு மிதிக்கச் சொல்லுவாங்க. செருப்பை மாத்திப் பாருன்னு மட்டும் யார் வாயிலயும் வராது.

எங்க சித்திக்கும் இப்படித்தான். காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது சுருக்குன்னு வலிக்கும், கொஞ்சம் நடந்தா குறைஞ்சிடும், அதான் சரியாயிடுதுல்லன்னு அவங்களும் மாசக்கணக்கா ஓட்டிட்டாங்க, அப்புறம் சமையல்கட்டுல நின்னு தோசை சுட முடியாம ஒரு காலை தூக்கிக்கிட்டு நிக்க ஆரம்பிச்சப்போதான் டாக்டர்கிட்ட போனது. பிளான்டார் ஃபேஷியைட்டிஸ்னு சொன்னாரு. குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடில தடிமனா ஒரு சவ்வு ஓடுது, வில்லுல நாண் மாதிரி பாதத்தோட வளைவை அதுதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. நாள் பூரா கெட்டித் தரையில நின்னா குதிகால் கிட்ட அது நொந்து போகுது, ராத்திரி தூங்கும்போது சுருங்கிக்குது, காலைல திடீர்னு இழுபடுறப்போதான் அந்த உயிர் போற வலி.

டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே "வீட்டுல தரை என்ன?"தான். டைல்ஸ். அதுல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வெறுங்கால். எம்சிஆர் செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர்னு மெத்துன்னு இருக்கிற ரப்பர் வச்ச செருப்பு எழுதிக் குடுத்து வீட்டுக்குள்ளயும் போடணும்னாரு. சித்தி விடுவாங்களா, "சாமி இருக்கிற வீட்டுல செருப்பா"ன்னு ஒரே சண்டை. கடைசில வெளிய போட்டுட்டே போகாத தனி ஜோடி ஒண்ணு, பூஜை ரூம் வாசல்ல கழட்டிடணும்னு பேசி முடிச்சோம். நியாயமான ஒப்பந்தம்தானே?

இந்த எம்சிஆர் ஒண்ணும் புதுசு இல்ல. வேலூர் சிஎம்சி, கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி பக்கமெல்லாம் உணர்ச்சி மரத்த பாதத்துல புண் வராம இருக்க பல வருஷமா குடுத்துட்டு வர்றதுதான், இப்போ சுகர்காரங்களுக்கும் அதையே எழுதுறாங்க. மேல மெத்துன்னு ஒரு ரப்பர் லேயர், கீழ கெட்டியா இன்னொண்ணு. மேல் லேயரை கட்டை விரலால அமுக்கினா உள்ள போகணும், விட்டதும் எழும்பி வரணும். ஆணி அடிச்சு ஒட்டினது வேணவே வேணாம், மரத்துப்போன கால்ல ஆணி குத்தினாக்கூட தெரியாது. கட்டை விரல்ல மாட்டுற வார் வச்சதை விட பின்பக்கம் பெல்ட், வெல்க்ரோ வச்சது நல்லது.

ஆனா மெத்துன்னு இருக்கிறதெல்லாம் நல்ல செருப்பு கிடையாது. கடையில போட்டுப் பாத்தா பஞ்சு மாதிரி இருக்கும், வாங்கி கொஞ்ச நாள்ல குதிகால் இடம் அமுங்கி தகடாயிடும். ரெண்டு கையால மடக்கிப் பாருங்க, விரல் மடங்குற இடத்துல மடங்கணும், நடுவுலயே மடங்கினா வச்சிட்டு வந்துடுங்க. பழைய செருப்பை கவுத்துப் போட்டு எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னும் பாருங்க, ஒரு பக்கமா ரொம்ப தேஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போகும்போது கையோட எடுத்துட்டுப் போங்க.

சீக்கிரம் பாத்தா முக்கால்வாசி பேருக்கு செருப்பு, கெண்டைக்கால் ஸ்ட்ரெச், கொஞ்சம் ஓய்வு, இதுலயே சரியாயிடும், என்ன, சில மாசம் பொறுமையா இருக்கணும். ஜவுளிக்கடையில நிக்கிறவங்களுக்கு ஓய்வு எங்க கிடைக்குதுன்னு கேக்காதீங்க. உக்கார ஸ்டூல் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, தி.நகர் பக்கம் போறப்போ எத்தனை கடையில ஸ்டூல் இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

சுகர் இருக்கவங்க அந்த சுட்ட செங்கல் வைத்தியம் பக்கமே போயிடாதீங்க. சுகரால கால் மரத்துப் போயிருந்தா சூடு தெரியாது, கொப்புளம் வந்து புண்ணானப்புறம்தான் தெரியும். சித்திரை வெயில்ல கோயில் பிரகாரம் சுத்துறதும் அதே கதைதான், விடிகாலைல போயிட்டு வாங்க, இல்லன்னா தடிமனா சாக்ஸ் போட்டுக்கோங்க.

அப்புறம், செருப்பு வாங்க சாயங்காலமா போங்க, அப்போதான் கால் லேசா வீங்கி சரியான சைஸ் தெரியும். ரெண்டு காலும் ஒரே சைஸா இருக்காது, பெரிய காலுக்கு எடுங்க.