பாட்டு பேச்சான இடம்

வெனிஸ் நகரின் லா ஃபெனீச்சே அரங்கில், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் 'லா திராவியாத்தா' ஓபராவை, அதாவது பாட்டாலேயே நகரும் இசை நாடகத்தை, பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஓபரா முதன்முதலில் மேடையேறியது அங்கேதான் என்பது அதற்கு முதல் காரணம். 1853 மார்ச் 6 அன்று நடந்த அந்த அரங்கேற்றம் தோல்வியடைந்தது. முதல் அங்கத்துக்குக் கைதட்டியவர்களே பின்னர் எள்ளி நகையாடினார்கள். குற்றம் தன்னுடையதா பாடகர்களுடையதா என்பதைக் காலம் சொல்லும் என்று மறுநாள் நண்பருக்கு எழுதினார் வெர்தி. அடுத்த ஆண்டே, சில திருத்தங்களுடன், அதே நகரின் வேறோர் அரங்கில் அது பெரும் வெற்றி பெற்றது.

ஃபெனீச்சே என்றால் பீனிக்ஸ் பறவை. 1792-இல் திறக்கப்பட்ட அரங்கம் 1836-இலும் 1996-இலும் தீக்கிரையானது. இரண்டாம் முறை, அருகிலிருந்த கால்வாய்கள் பராமரிப்புக்காக வற்றவைக்கப்பட்டிருந்ததால், நீர் சூழ்ந்த நகரத்திலேயே தீயணைக்க நீர் கிடைப்பது அரிதாயிற்று. 'இருந்த இடத்தில், இருந்தபடியே' என்று உறுதி பூண்டு அதை மீண்டும் கட்டினார்கள். 2004-இல் அங்கு மறுபடி ஓபரா தொடங்கியபோது மேடையேறியதும் 'திராவியாத்தா'தான்.

எனக்குக் கிடைத்தது பக்கவாட்டு மாடம் ஒன்றில் ஓர் இருக்கை. மேடையின் ஒரு மூலை மறைந்தாலும், வாத்தியக் குழு அமர்ந்திருந்த பள்ளம் முழுவதும் தெரிந்தது. அன்று அதுவே எனக்குக் கிட்டிய பேறு. விருந்து, மதுப் பாட்டு, காதல் அறிமுகம் என முதல் அங்கம் விரைந்து சென்றது. இரண்டாம் அங்கத்தில் காதலன் அல்ஃபிரேதோவின் தந்தை ஜெர்மோன் வந்து, தன் மகளின் திருமணம் தடைபடாதிருக்க அவனை விட்டு விலகும்படி, கணிகையாக வாழ்ந்த கதைநாயகி வியோலெத்தாவிடம் கேட்கிறார். அவள் இணங்கும் அந்த நீண்ட உரையாடலை வெர்தியின் மிகச் சிறந்த நாடகக் காட்சி என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது மூன்றாம் அங்கம். காசநோயால் படுக்கையில் கிடக்கும் வியோலெத்தா, ஜெர்மோன் எழுதிய கடிதத்தை எடுத்து வாசிக்கிறாள். அவள் அதைப் பாடுவதில்லை, பேசுகிறாள். ஒலிபெருக்கி எதுவுமின்றி இரண்டு மணி நேரமாக அரங்கை நிறைத்த குரல், ஒரு நோயாளியின் முணுமுணுப்பாகத் தாழ்ந்துவிடுகிறது. கீழே ஒரு சில வயலின்கள் மட்டும், அல்ஃபிரேதோ முதல் அங்கத்தில் தன் காதலைச் சொன்ன மெட்டை மிக மெல்ல இசைக்கின்றன. வில் நரம்பைத் தொடுகிறதா என்று ஐயுறும் அளவுக்கு அந்தக் கலைஞர்களின் கை அசைவு சிறிதாக இருந்ததை மாடத்திலிருந்து கண்டேன். அவள் தியாகத்தை மகனிடம் சொல்லிவிட்டதாகவும், அவன் மன்னிப்புக் கேட்க வருவான் என்றும் கடிதம் சொல்கிறது. வாசித்து முடித்ததும் அவள் முதலில் சொல்வது 'காலம் கடந்துவிட்டது' என்பதே. கடிதத்தைத் தாழ்ந்த குரலில், ஆனால் தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும் என்பது இசைக்குறிப்பு ஏட்டில் வெர்தி தந்திருக்கும் அறிவுறுத்தல். பேச்சையும் தாளத்துக்குள் நிறுத்திய அந்த ஒரு குறிப்புக்காகவே அவரை வணங்கலாம்.

முதல் அங்கத்தில் விருந்தினர் சென்ற பின் தனியே நிற்கும் வியோலெத்தா, தன் நெஞ்சில் முதன்முதலாகக் காதல் அசைவதை உணர்ந்து 'எ ஸ்திரானோ', அதாவது 'விந்தையாக இருக்கிறதே' என்று பாடுவாள். இறுதியில், அல்ஃபிரேதோ அருகிலிருக்க, அதே சொற்களை அவள் மறுபடி சொல்கிறாள். இம்முறை பாட்டாக அல்ல, பேச்சாக. வலி நின்றுவிட்டது, உடலில் புது வலிமை பிறக்கிறது என்கிறாள். வயலின்கள் அதே காதல் மெட்டுக்குத் திரும்புகின்றன. 'நான் மீண்டும் வாழப்போகிறேன்' என்னும்போது பேச்சு மெல்ல எழுந்து மறுபடி பாட்டாகிறது. 'ஆனந்தம்' என்ற உச்ச சுரத்தோடு அவள் சாய்ந்தபோது, என் கைகள் மாடத்தின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தன.