கேட்காத ஒலியின் தாழி: மூன்றாம் வாரம்

எழுதிக்கொண்டிருக்கும் பேய்க்கதையில் சாபம் பிடித்த தாழி ஒன்று வருகிறது. அதன் வாய்மேல் காற்று பட்டால் போதும். காதுக்கு எதுவும் கேட்காது, ஆனால் பக்கத்தில் படுத்தவருக்கு நெஞ்சு கனக்கும், ஓரக்கண்ணில் நிழல் ஆடும். அது எப்படி நடக்கும் என்று எனக்கே நம்பிக்கை வரவேண்டும். அதற்காகத்தான் மொட்டைமாடியில் இந்தச் சோதனை.

யோசனை தந்தது இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டியின் அனுபவம். ஆய்வகத்தில் இரவு தனியாக இருந்தவருக்கு உடம்பு வியர்த்து, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்திருக்கிறது. மறுநாள் வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்து வைத்திருந்த வாள்சண்டை வாள் தானாக அதிர்ந்தது. காரணம் புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் எழுப்பிய ஒலி, சுமார் 19 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 19 அதிர்வு. நம் காதுக்குக் கீழ் எல்லை ஏறத்தாழ 20. 1998இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

முதல் வாரம் 20 லிட்டர் தண்ணீர் கேனில் ஊதினேன். 60 ஹெர்ட்ஸ் பக்கம், நன்றாகவே கேட்டது. கொள்ளளவு கூடினாலும் கழுத்து நீண்டாலும் சுருதி இறங்கும். அதனால் அடுத்து 200 லிட்டர் நீல டிரம். ஒரு வாயில் 5 செ.மீ. உயரத்துக்கு இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு. இன்னொரு வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதில் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, லேசரை அடித்தேன். குழாய் வாய்க்குக் குறுக்கே புளோயர்.

புளோயர் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புப் புள்ளி மட்டும் கோடாக நீண்டது! கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்போனில் நொடிக்கு 240 பிரேம் வைத்து எடுத்து எண்ணினேன். ஓர் அலைவுக்கு 14 பிரேம், அதாவது 17 ஹெர்ட்ஸ். கணக்குப்படி 19 வந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் சுவரும் சேர்ந்து மூச்சுவிடுவதால் இறங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். குழாயில் இரண்டு செ.மீ. அறுத்தேன். இப்போது 12, 13 பிரேம், அதாவது 19 ஹெர்ட்ஸ் பக்கம். சரியாக வந்துவிட்டது.

உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. திறந்த மாடியில் அந்தச் சின்ன அதிர்வு எங்கே நிற்கும்? டாண்டியின் ஆய்வகத்தில் அலை சுவர்களுக்கு நடுவே சிக்கி, அவர் மேசை இருந்த நடுப்பகுதியில்தான் உச்சமாக இருந்தது. அப்படியானால் தாழி மட்டும் போதாது, வீடும் ஒத்துழைக்க வேண்டும்.

நேற்று இரவு கதையைத் திருத்தினேன். தாழி இப்போது முற்றத்தில் இல்லை, நீளமான கூடத்தின் மூலையில் இருக்கிறது. கட்டிலை நடுவில் போட்டிருக்கிறேன்.